மலையில் ரேடியோ மொடெம்: நீண்ட நாள் பாவித்த பிறகு

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டம். மேல் டிவிஷனில் உள்ள மழைமானியின் அளவும் தண்ணீர்த் தொட்டியின் மட்டமும் கீழே ஒபிஸுக்கு வர வேண்டும், நடுவில் இருக்கும் பள்ளத்தில் போன் சிக்னல் கிடையாது. அதற்காகப் போட்டதுதான் சிக் (SiK) ஃபர்ம்வேர், அதாவது உள்ளே அதை இயக்கும் மென்பொருள், உள்ள 433 மெகாஹெர்ட்ஸ் மொடெம் ஜோடி (ரேடியோ அலையில் டேட்டா அனுப்பும் இரண்டு பெட்டிகள்), ட்ரோன்காரர்கள் பாவிக்கும் அதே சாமான்.

எனக்கு இதில் பிடித்ததே ஆர்டி (RT) கொமாண்ட்தான், தூரத்து மொடெமுக்கு இங்கிருந்தே கட்டளை போடலாம். கீழே லெப்டொப்பில் +++ அடித்து, என்டர் தட்டாமல் ஒரு வினாடி சும்மா இருந்தால் 'ஓகே' வரும். அப்புறம் ஏடி (AT) என்று தொடங்கினால் பக்கத்து மொடெம் கேட்கும், ஆர்டி என்று தொடங்கினால் மலையுச்சியில் இருப்பது கேட்கும். மலையேறி அட்டைக் கடி வாங்கி மூச்சிரைக்கத் தேவையில்லை. ஒரே தலைவலி, அந்த +++ஐ அடிப்பதற்கு முன்னாலும் ஒரு வினாடி லைன் அமைதியாக இருக்க வேண்டும்; டேட்டாவைப் பதியும் புரோகிராம் அதே போர்ட்டில் எதையாவது அனுப்பிக்கொண்டே இருந்தால் மொடெம் திரும்பியும் பார்க்காது, அதை முதலில் நிறுத்துங்கள்.

வாங்கும்போது காற்று வேகம், அதாவது இரு மொடெம்களுக்கும் இடையே டேட்டா போகும் வேகம், வினாடிக்கு 64 கிலோபிட்டில் இருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு வரி அனுப்ப எதற்கு அவ்வளவு? 16 ஆக்கினால் ஏட்டுக் கணக்குப்படி 6 டெசிபெல் லாபம், பவரை நாலு மடங்கு ஆக்கிய மாதிரி. ஆனால் மாற்றும் வரிசை முக்கியம், எப்போதும் தூரத்தில் இருப்பதுதான் முதலில்: ஆர்டிஎஸ்2=16 (எஸ்2தான் காற்று வேகம்), பிறகு ஆர்டி&டபிள்யூ (சேமிக்க), ஆர்டிஸெட் (மொடெமை மறுபடி தொடங்க). உடனே தொடர்பு அறுந்துவிடும், பயப்பட வேண்டாம், இந்தப் பக்கமும் அதையே ஏடி போட்டுச் செய்தால் இரண்டும் மறுபடி சேர்ந்துகொள்ளும். பக்கத்து மொடெமை முதலில் மாற்றினால் ஆர்டி மேலே எட்டாது, அதைப் பழைய அளவுக்குத் திருப்பிவிட்டுத்தான் மறுபடி தொடங்க வேண்டும். இந்த ஜோடிக்கான அடையாள எண்ணான நெட் ஐடியை (எஸ்3) மாற்றுவதும் அதே வரிசையில்தான். வரும்போது எல்லாவற்றிலும் 25தான், அதை அப்படியே விடாதீர்கள்.

மழைக்கு சிக்னல் போய்விடும் என்பார்கள். 433இல் மழைத்துளி பெரிதாக ஒன்றும் செய்யாது. ஏடிஐ7 போட்டால் இரு பக்கத்து சிக்னல் அளவும் இரைச்சல் அளவும் தெரியும், மழை பிடித்த வாரங்களில் சிக்னல் எண் இறங்குவதை நானும் பார்த்திருக்கிறேன், நனைந்த யூகலிப்டஸ் தோப்பு ஒரு காரணம், அதைவிடப் பெரிய காரணம் அன்டெனா கனெக்டருக்குள் இறங்கும் தண்ணீர். ரப்பர் டேப் இழுத்துச் சுற்றிய பிறகு அந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது.

மலை நேரே மறைத்தால் எந்தக் கொமாண்டும் உதவாது, அன்டெனாவைத்தான் இடம் மாற்ற வேண்டும். படம், வீடியோ அனுப்ப நினைப்பவர்களுக்கும் இது சரிவராது. அலைவரிசை அனுமதி பற்றி தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் வாங்குவதற்கு முன்னமே கேட்டுக்கொள்ளுங்கள்.