குச்சவெளித் தோட்டத்தில் சோலாரும் வானொலியும்: நான்கு ஆண்டு அனுபவம்

2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையே கரையைக் கடந்தபோது நான் திருகோணமலை நகரில் இருந்தேன். மின்சாரம் போய்விட்டது, கைத்தொலைபேசியும் அணைந்துவிட்டது. விடியும்வரை செய்தி சொன்னது பழைய வானொலிப் பெட்டி ஒன்றுதான். அடுத்த ஆண்டு, மின்கம்பி எட்டாத எங்கள் குச்சவெளித் தோட்டத்துக் குடிலில் சோலார் பூட்டியபோது, வெளிச்சத்தைவிட அந்த வானொலியே என் மனதில் முன்னால் நின்றது.

100 வாட் சோலார் தகடுகள் இரண்டு, தகட்டிலிருந்து கூடிய மின்சாரத்தை எடுத்துப் பற்றரிக்கு ஏற்றும் எம்.பி.பி.டி. வகைக் கொன்ட்ரோலர், ஒரு பற்றரி, பற்றரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் சிறிய இன்வேர்ட்டர். பூட்டிய பிறகு, வெயில் ஏறியதும் வானொலியின் மத்திய அலை (ஏ.எம்.) முழுவதும் ஒரே இரைச்சல். இரவில் தெளிவாக வரவேண்டிய தூத்துக்குடி வானொலியின் 1053 கிலோஹேர்ட்ஸ்கூட இன்வேர்ட்டரின் உறுமலுக்குள் அமிழ்ந்துபோனது. விற்றவர் வானொலிதான் பழுது என்றார். அது பழுதில்லை. தோட்டத்தின் மறுகோடிக்குக் கொண்டுபோனால் நன்றாகவே பாடியது.

பற்றரியில் ஓடும் கைவானொலியை வைத்துக்கொண்டு கருவிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். பகல் இரைச்சல் கொன்ட்ரோலரிலிருந்து வந்தது. எம்.பி.பி.டி. மின்னோட்டத்தை வினாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டித்தான் மாற்றுகிறது. அந்த வெட்டு வேகத்தின் மடங்காக வரும் அலைவரிசைகளிலெல்லாம் அதன் இரைச்சல் கேட்கும். ஆனால் கொன்ட்ரோலரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. தகடுகளிலிருந்து கூரையின் ஒரு பக்கமாக நேர்க்கம்பியும் (+) மறுபக்கமாக எதிர்க்கம்பியும் (−) இறங்கியிருந்தன. இரண்டும் சேர்ந்து ஒரு பெரிய வளையமாக, அந்த இரைச்சலை ஊருக்கே ஒலிபரப்பும் அன்ரனாவாகிவிட்டன.

ஆகவே முதல் வேலையாக, தகடுகளைச் சாக்கால் மூடி, கம்பிகளைக் கழற்றி, இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கி ஒரே வழியாக இறக்கினேன். வெயிலில் இருக்கும் தகட்டின் கம்பியைச் சுமையோடு கழற்றினால் தீப்பொறி நீளமாக இழுக்கும், மூடாமல் தொடவே வேண்டாம். செலவில்லாத இந்த ஒரு வேலைதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகப் பலன் தந்தது.

அடுத்து ஃபெரைட்: கம்பி வழியே ஓடும் இரைச்சலைத் தடுக்கும் காந்தப் பொருள். பழைய கணினிக் கம்பிகளிலிருந்து எடுத்த கவ்விகளை மாட்டிப் பார்த்தேன். மத்திய அலையில் ஒரு வித்தியாசமும் இல்லை. கம்பி ஒருமுறை நுழைந்து வெளியேறினால் அந்த அலைவரிசையில் கிடைக்கும் தடை மிகச் சிறியது. தடை சுற்றுகளின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது: பத்துச் சுற்று என்றால் ஏறக்குறைய நூறு மடங்கு. பிறகு '31' என்ற ரக ஃபெரைட்டில் பெரிய வளையங்கள் வாங்கி, நேர், எதிர் இரண்டு கம்பிகளையும் சேர்த்தே சுற்றினேன். ஒரு கம்பியை மட்டும் சுற்றினால் அதில் ஓடும் நேர்மின்னோட்டம் வளையத்தைக் காந்தத்தால் நிறைவுறச் செய்து பயனற்றதாக்கிவிடும். ஒரு வளையம் தகட்டுப் பக்கம், ஒன்று பற்றரிப் பக்கம், இரண்டுமே கொன்ட்ரோலரை ஒட்டியபடி. மத்திய அலை பகலிலும் மீண்டது.

இன்வேர்ட்டரில் நான் தோற்றேன். படிப்படியான முரட்டு அலை தரும் 'மாற்றியமைத்த சைன் அலை' வகையை விட்டு, வழுவழுப்பான அலை தரும் 'தூய சைன் அலை' வகைக்கு மாறியும் இரைச்சல் குறைந்ததே தவிர ஒழியவில்லை. இப்போது இரவில் அதை நிறுத்திவிட்டு 12 வோல்ட் விளக்குகளை நேரே பற்றரியில் எரிக்கிறேன். அவற்றிலும் பொறுக்கி எடுக்க வேண்டியிருந்தது. வாங்கிய ஐந்து மின்குமிழ்களில் இரண்டு, கொன்ட்ரோலருக்கு நிகராக இரைந்தன. இனி வானொலியை அருகில் பிடித்துப் பார்க்காமல் ஒரு மின்குமிழும் வாங்கமாட்டேன்.

நான்கு ஆண்டில் உப்புக்காற்று தன் வேலையைக் காட்டியிருக்கிறது. ஒவ்வொரு மாரிக்குப் பின்னும் முனைகளில் பச்சைக் களிம்பு படிகிறது, சுரண்டிப் பூட்டாவிட்டால் இணைப்பு சூடேறுகிறது. சிற்றலையில் 7 மெகாஹேர்ட்ஸ் பக்கம் உச்சிவெயிலில் இன்னும் மெல்லிய இரைச்சல் உண்டு. கொன்ட்ரோலரை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்க எண்ணியிருக்கிறேன். அது சூடாகும் என்பதால் காற்றுப்போக வழி செய்த பிறகுதான்.

சென்ற ஐப்பசியில் பக்கத்து மீன்வாடியிலிருந்து (மீனவர் தங்கும் கடற்கரைக் குடில்) ஒரு தம்பி வந்தார். "ஐயா, சோலார் பூட்டியதிலிருந்து வானிலை அறிக்கையே கேட்க முடியவில்லை" என்றார். வாடிக்குப் போய்ப் பார்த்தால் அதே பிரிந்த கம்பிகள். அரைமணி நேரத்தில் முறுக்கிக் கட்டினோம். அன்று மாலைச் செய்தியை வாடியிலிருந்த அத்தனை பேரும் நின்று கேட்டார்கள்.