பூச்சிச் சிவப்பா, பீட்ரூட் சிவப்பா?

ஸ்ட்ராபெர்ரி தயிர் டப்பாவில் நிறமி எண் ஈ120 (E120) என்று போட்டிருந்தால், அது கொச்சினீல் பூச்சியின் சிவப்பு. ஈ162 என்றால் பீட்ரூட்.

கொச்சினீல் அதிகம் வருவது பெருவிலிருந்து. சப்பாத்திக்கள்ளி மடலில் வெள்ளைப் பொடி தூவினாற்போல் ஒட்டிக்கிடக்கும். பெண் பூச்சியை நசுக்கினால் விரலெல்லாம் ரத்தச் சிவப்பு. சுரண்டி, உலர்த்தி எடுக்கிறார்கள். ஒரு கிலோவுக்கு லட்சத்துக்கும் மேல் பூச்சிகள் வேண்டும். விலை கூடத்தான். ஆனால் சூடு, வெயில் இரண்டையும் தாங்கும். சில லிப்ஸ்டிக்குகளிலும் இந்தச் சிவப்புதான்.

பீட்ரூட் சிவப்பு சூட்டில் பழுப்பாகிவிடும். ஐஸ்கிரீமுக்குச் சரி, கேக்குக்கு ஆகாது.

நிறத்துக்கு என் ஓட்டு பூச்சிக்கே. ஆனால் சைவக்காரர்களுக்கு ஈ120 என்ற எண் மட்டும் அச்சிட்டு விற்பது தப்பு. சிலருக்கு ஒவ்வாமையும் வரும். அமெரிக்காவில் 2011 முதல் உணவு லேபிளில் பெயரையே போட வேண்டும்.