'ஹெர்பல் டை' என்று சொன்னால் முதலில் அட்டைப்பெட்டியைக் கேளுங்கள்: காரைக்குடி அனுபவம்

நரைக்கு டை அடிக்கலாமா, அப்படியே விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் என் வயசுக்காரர்களுக்கு இந்தப் பதிவு. அடிப்பதும் அடிக்காததும் அவரவர் விருப்பம், அதில் நான் தலையிடவில்லை. 'மூலிகை', 'அமோனியா இல்லை' என்ற இரண்டு சொல்லை மட்டும் நம்பி யாரிடமும் தலையைக் கொடுத்துவிடாதீர்கள்.

எங்கள் அண்ணனுக்குப் பள்ளத்தூரில் அறுபதாம் கல்யாணம். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்தெல்லாம் பங்காளிகள் வருகிறார்கள், வீடியோக்காரர் வருகிறார். நான் வருஷக்கணக்காக மருதாணிதான் போட்டு வந்தேன். வெள்ளை முடியில் மருதாணி ஏறினால் என்ன நிறம் வரும் என்று போட்டவர்களுக்குத் தெரியும். "இந்த ஒரு தடவை நல்லாக் கருப்பா அடிச்சுக்கயேன்" என்று அண்ணமிண்டி (அண்ணன் மனைவி) சொன்னார்கள். என் வீட்டுக்காரர், "இருக்கிறபடியே வா, யாரு பாக்கப் போறா" என்றார். அவருக்கு வழுக்கை, அவர் சொல்லலாம்.

காரைக்குடியில் ஓரளவு பேர் வாங்கிய பார்லர் அது. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை. உட்காருமுன்பே சொல்லிவிட்டேன்: "ஒரு கல்யாணத்துல கருப்பு மருதாணி கோன் வச்சு கையெல்லாம் கொப்புளம் போட்டுச்சு. டையில கெமிக்கல் இருந்தா எனக்கு வேண்டாம்."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "அது கோன் ஆச்சி. இது சுத்த மூலிகை, அமோனியாவே கிடையாது. பச்சப்புள்ளைக்குக்கூடப் போடலாம்" என்றார்.

காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவிப் பார்க்கலாமா என்றும் கேட்டேன். "அதெல்லாம் கடையில வாங்கி வீட்ல போடுறவுகளுக்கு ஆச்சி" என்று பதில். உள்ளறையில் எதையோ கலந்து கிண்ணத்தில் கொண்டுவந்தார்கள். அரை மணியில் தலை மை மாதிரிக் கருத்துவிட்டது. 1,800 ரூபாய். ரசீது என்று ஒரு துண்டுச் சீட்டு, அதில் 'ஹேர் கேர்' என்பதற்கு மேல் ஒரு எழுத்து இல்லை.

அன்று ராத்திரியே காதோரம் அரிப்பு. விடிந்தபோது நெற்றி வீங்கி, இமை தடித்து, கண்ணைத் திறக்க முடியவில்லை. மண்டையில் நீர் கசிந்து தலையணை உறை ஒட்டிக்கொண்டது. தோல் டாக்டர் பார்த்தவுடன் கேட்ட முதல் கேள்வி, "டைப் பெட்டி எங்கம்மா?"

பார்லருக்குப் போன் செய்தால், "விசேஷ வீட்ல கத்திரிக்கா, கருவாடு ஏதும் சாப்பிட்டீகளா ஆச்சி? உங்களுக்குச் சூட்டு உடம்பு" என்கிறார்கள். சமாதானத்துக்கு ஒரு ஃபேஷியல் இலவசமாம். வீங்கிய முகத்துக்கு! என் வீட்டுக்காரர் நேரில் போய் உட்கார்ந்து, நகர மாட்டேன் என்ற பிறகுதான் பெட்டியைக் கண்ணில் காட்டினார்கள். போட்டோ எடுத்து வந்தார். முன்பக்கம் முழுக்க இலையும் பூவும். பின்பக்கம் பொடி எழுத்தில் பாரா ஃபெனிலீன் டையமின். சுருக்கமாகப் பிபிடி.

டாக்டர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். அமோனியா என்பது முடியின் மேல் செதிலைத் திறந்துவிட்டுச் சாயத்தை உள்ளே ஏற்ற உதவுவது. நாற்றமும் எரிச்சலும் பெரும்பாலும் அதனால். ஒவ்வாமைக்குப் பேர்போனது பிபிடி. ஆகவே அமோனியா இல்லை என்று மெய்யாகவே சொன்னாலும் பிபிடி இல்லை என்று ஆகாது. கோனும் அதே கதைதான். மருதாணி இலையில் இருக்கும் லாசோன் ஆரஞ்சுச் சிவப்பைத்தான் தரும், அதுவும் மணிக்கணக்கில் வைத்திருந்தால். சீக்கிரத்தில் கன்னங்கரேலென்று பிடிக்கும் 'கருப்பு மருதாணி' என்றால் பெரும்பாலும் அதில் பிபிடி கலந்திருக்கும். என் உடம்பு அந்தக் கோனிலேயே அதை எதிரியாகக் குறித்து வைத்துக்கொண்டது. ஒருமுறை குறித்தால் பொதுவாக ஆயுசுக்கும் மறக்காது. அடுத்தடுத்த தடவை வேகமாகவும் மோசமாகவும் வரலாம். பத்து வருஷம் ஒன்றும் செய்யாத டை பதினோராவது வருஷம் முகத்தை வீங்க வைப்பதும் உண்டு. "நான் எத்தனை வருஷமா அடிக்கிறேன், ஒண்ணும் ஆகலையே" என்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

எனக்கு ஆத்திரம் வந்தது பெட்டியை முழுக்கப் படித்தபோதுதான். நம் நாட்டு அழகுசாதன விதிகளின்படி பிபிடி உள்ள தலைச்சாயத்தின் மேல் ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் எச்சரிக்கை இருக்க வேண்டும்: முதலில் சோதித்துப் பார், புருவத்துக்கும் இமை முடிக்கும் போடாதே, பார்வையே போகலாம். சோதிக்கும் முறையும் உள்ளே இருக்க வேண்டும். காதுக்குப் பின்னாலோ முன்கையின் உட்புறத்திலோ கழுவித் துடைத்து, கலந்த சாயத்தைத் துளி தடவிக் காயவிட்டு, 24 மணி நேரம் கழித்துக் கழுவிப் பார்ப்பது. ஒவ்வொரு முறை அடிப்பதற்கு முன்பும் செய்ய வேண்டும். நான் கேட்டு, அவர்கள் மறுத்த அதே சோதனை. அரிக்காவிட்டால் முழு உத்தரவாதம் என்றில்லை, சிலருக்கு இரண்டு மூன்று நாள் கழித்தும் தெரியும் என்றார் டாக்டர். 48 மணி நேரம் பொறுப்பது நல்லது. விசேஷத்துக்கு முதல் நாள் பார்லருக்கு ஓடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு இடிக்கும்.

பிபிடி இல்லாத கிரீம் என்று ஒன்று இப்போது வருகிறது. அதில் பிபிடிக்குப் பதில் டொலுவீன் டையமின் என்ற வேறொரு சாயப் பொருள் இருக்கலாம். பிபிடி ஒத்துக்கொள்ளாதவர்களில் பலருக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாது. கருப்பு வேண்டுமென்றே இருப்பவர்கள் முதலில் மருதாணி, அலசிவிட்டு அதன் மேல் அவுரி இலைப் பொடி என்று இரண்டு கட்டமாகப் போடலாம். அரை நாள் வேலை, நிறமும் மெதுவாகத்தான் கூடும். அதிலும் கலப்படம் உண்டு, ஆகவே கையில் தடவிப் பார்க்காமல் தலைக்குப் போக வேண்டாம். வீட்டு வளவில் (முற்றத்தில்) உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னபோது அண்ணமிண்டி, "இனிமே எனக்கும் வேண்டாம்டி" என்றார்கள். பார்ப்போம், அவர்கள் போக வேண்டிய அடுத்த கல்யாணம் தையில் வருகிறது.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். பார்லரிலிருந்து இன்னும் பதில் இல்லை. வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். பொருளுக்கோ சேவைக்கோ நாம் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே வழக்குக் கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் யாருக்காவது இப்படி நடந்திருந்தால் பெட்டியின் இரண்டு பக்கப் போட்டோ, தேதியோடு முகத்தின் போட்டோ, டாக்டர் சீட்டு, பணம் கட்டிய ஆதாரம் நாலையும் எடுத்து வையுங்கள். எனக்கு ஜிபே கணக்குதான் கைகொடுத்தது. அந்தத் துண்டுச் சீட்டில் கடைப் பெயர்கூட இல்லை.