டோல்: ஒரே ரேட்டா, கடிகார ரேட்டா, நிமிஷ ரேட்டா?

நாகர்கோவில்ல இருந்து திருநெல்வேலிக்கு வெள்ளென அஞ்சு மணிக்கு காலியா கிடக்குற ரோட்டுல போனாலும் சரி, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரிசையில ஊர்ந்து போனாலும் சரி, நாங்குநேரி டோல்ல ஃபாஸ்டேக்ல புடிக்குற காசு ஒண்ணுதான். இது ரோடு போட்ட காசை எடுக்குற ரேட், நெரிசலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

சிங்கப்பூர்ல 1998ல இருந்து ஓடுறது கடிகார ரேட். அரை மணிக்கு ஒருக்கா ரேட் மாறும், எந்த நேரத்துக்கு எவ்வளவுன்னு முன்னாடியே தெரியும். எக்ஸ்பிரஸ்வேல வண்டி 45ல இருந்து 65 கிலோமீட்டர் வேகத்துல ஓடணும்ங்கிறதுதான் கணக்கு, அதுக்கு கீழ போனா அடுத்த தடவை ரேட்ட திருத்தும்போது ஏத்துவான், மேல போனா குறைப்பான். குறைப்பான்ங்கிறதுதான் எனக்கு புடிச்சது, நம்மூர்ல ஏப்ரல் 1 வந்தா ஏறத்தான் பாத்திருக்கோம்.

நிமிஷ ரேட்டுக்கு அமெரிக்காவுல வாஷிங்டன் பக்கம் ஐ-66ங்கிற நெடுஞ்சாலை. நெரிசலப் பாத்து ஆறு நிமிஷத்துக்கு ஒருக்கா ரேட் மாறும். 2017 டிசம்பர்ல ஆரம்பிச்ச ரெண்டாவது நாளே 40 டாலர தொட்டுருச்சு, ஜனங்க கத்துனாங்க. ஆனா அங்க கார்ல கூட ஆள் ஏத்திட்டு போனா ஃப்ரீ, ரோட்டுக்கு நடுவுலயே மெட்ரோ ரயிலும் ஓடுது. வேண்டாம்னா வேற வழி இருக்கு.

நமக்கு? மார்த்தாண்டத்துல காலைல எட்டரைக்கு மேம்பாலத்துக்கு கீழ நின்னு பாருங்க, ஸ்கூல் வேன், காலேஜ் பஸ், நடுவுல கேரளாவுக்கு ஜல்லி ஏத்திட்டு போற டாரஸ் லாரி ஒண்ணு. ஸ்கூல் வேன் நேரத்த மாத்த முடியாது, டாரஸ் ராத்திரி போகலாம். ஆனா ராத்திரி ரேட் குறைவுன்னு ஓனருக்கு முந்தின நாளே தெரிஞ்சாதான் லோடு ஏத்துற நேரத்த மாத்துவாரு, ஆரல்வாய்மொழி தாண்டுன பெறவு போர்டுல ரேட் ஏறுறத பாத்து டிரைவர் என்ன செய்வாரு, ஜல்லிய கொட்டிட்டா திரும்புவாரு? அதனால லாரிக்கு மட்டும் கடிகார ரேட்னா என் ஓட்டு உண்டு.

கன்னியாகுமரிக்கு சூரிய உதயம் பாக்க வர்றவங்ககிட்ட எந்த ரேட்டும் பலிக்காது. உதயத்த ஒம்பது மணிக்கு தள்ளி வைக்கவா முடியும்? காசு மட்டும் கூட வசூலாகும்.

ஒரே பயம், திருப்பதிசாரம் டோல்ல திடீர்னு ரேட் ஏறினா பாதி வண்டி பழைய ரோட்டுல இறங்கிடும், அது நேரா தோவாளைக்குள்ள போவுது, அங்க விடியக்காலம் பூ மார்க்கெட் நேரத்துல சைக்கிள் போகவே இடம் கிடையாது.