வால்வா, சுவரா? பலகார ஆச்சியின் கால் சுருட்டும் இரண்டு விளக்கங்களும்

காரைக்குடியில் எங்கள் தெருவில் பலகாரம் போட்டு விற்கும் ஆச்சிக்கு இடது காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு வருஷக்கணக்காகிறது. விடியுமுன் அடுப்பு மூட்டினால் தேன்குழல், மனகோலம் என்று மத்தியானம் வரை நின்றபடியே வேலை. சாயங்காலம் திண்ணையில் காலை நீட்டும்போது பார்த்தேன். கெண்டைக்காலில் நரம்பு மண்புழு மாதிரி நெளிந்து புடைத்திருக்கிறது. கணுக்காலின் உள்பக்கத் தோல், டிகாக்‌ஷன் கொட்டிய துணிபோலக் கறுத்துவிட்டது.

"தம்பி, உள்ளே கதவு கெட்டுப்போச்சாம். லேசர் வைக்கணும்ங்கிறார் டாக்டர். சாக்ஸே போதும்ங்கிறா மருமக. எதைக் கேக்க?" என்றார்.

கதவு என்றது, ரத்தம் கீழே திரும்பி வராமல் தடுக்கும் வால்வை. நாம் நரம்பு என்று சொல்வது உண்மையில் சிரை, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். சும்மா நிற்கும்போது கணுக்காலில் அதன் அழுத்தம் சுமார் 80 முதல் 90 மி.மீ. பாதரசம். நடந்தால் கெண்டைத்தசை பிழிந்து தள்ளுவதால் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஆச்சி நடப்பதில்லை, நிற்கிறார்.

பழைய விளக்கப்படி, தொடை இடுக்கில் உள்ள வால்வு முதலில் கசியும். அந்தப் பாரம் அடுத்த வால்வில் விழ, அதுவும் கெடும். இப்படியே கீழே இறங்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நல்ல வால்வுக்குக் கீழேயும் சிரை வீங்கியிருப்பதைப் பார்த்திருக்கிறார்களே, அது எப்படி?

அங்கேதான் சுவர் விளக்கம் வருகிறது. சுருண்ட சிரையின் சுவரை நுண்ணோக்கியில் வைத்தால் மென்தசைச் செல்கள் வரிசை குலைந்திருக்கும், இழுத்தால் நீண்டு சுருங்கும் எலாஸ்டின் இழைகள் துண்டு துண்டாகியிருக்கும். கொலாஜன் என்ற புரதத்தில் விறைப்பான முதல் வகை கூடி, நெகிழ்வு தரும் மூன்றாம் வகை குறைந்திருக்கும். ஒரே குழாய் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் கிடக்கும். சுவர் அகன்றதும் வால்வின் இரு இதழ்களும் ஒன்றையொன்று தொடாது. நிலை நகர்ந்துபோன வீட்டில் பர்மாத் தேக்குக் கதவு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் சாத்தாது அல்லவா, அப்படித்தான். ஒருமுறை தொடங்கிவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். என்றாலும் என் மனசு சுவர் பக்கம்தான் சாய்கிறது.

சரி, ஆச்சிக்கு எது? சாக்ஸ் வெளியிலிருந்து இறுக்கி வீக்கத்தையும் கனத்தையும் குறைக்கும், சுவரைச் சரிசெய்யாது. அடுப்படி வெக்கையில் ஆச்சி அதை ஒரு மணி நேரம்கூடப் போட்டிருக்க மாட்டார். சர்க்கரை உள்ளவர்கள் பாதத்தில் நாடித்துடிப்பைப் பார்க்கச் சொல்லாமல் அதை மாட்டவே கூடாது. லேசர் கெட்ட சிரையைச் சூட்டால் அடைத்துவிடும், ரத்தம் ஆழச் சிரைகள் வழியே போகும். மரத்துப்போகும் ஊசி போதும், அன்றே நடந்து வீட்டுக்கு வரலாம். எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை என்று சொல்லும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013-இல் தந்த வழிகாட்டுதலும் சூட்டால் அடைப்பதைத்தான் முதலில் வைக்கிறது. அப்புறம் சிரைக்குள் நுரை மருந்து செலுத்தி அடைக்கும் ஊசி, கடைசியில் அறுவை. சாக்ஸ் மட்டும் என்பது இவை எதுவும் பொருந்தாதவர்களுக்கு. தோல் கறுத்த பிறகு தள்ளிப்போட்டால் புண்ணாகலாம். டாக்டர் சொல்வதே சரி.

ஆனால் சுவரே பலவீனம் என்றால், ஒன்றை அடைத்த பிறகு சில வருஷத்தில் இன்னொன்று புடைக்கலாம். அதனால் ஆச்சியிடம் சொல்லிவிட்டு வந்தேன்: ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டும் டாப்ளர் ஸ்கேனை நின்றபடி எடுத்துக்கொண்டு லேசருக்குப் போங்கள். வந்த பிறகு தேன்குழல் பிழிய மட்டும் நில்லுங்கள், சீப்புச்சீடை சுருட்டுவதை உட்கார்ந்து செய்யுங்கள், காலை ஒரு முக்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு.