முதுகு டேங்கா, டிரோனா: மருந்தடிக்க எதற்கு உரிமம்?

டிரோனில் மருந்தடிக்க 2021 டிரோன் விதிகளின்படி ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். 10ஆம் வகுப்புத் தேர்ச்சி, 18 முதல் 65 வயது, அங்கீகாரம் பெற்ற மையத்தில் பயிற்சி. சான்றிதழ் பத்து ஆண்டுக்குச் செல்லும்.

16 லிட்டர் டேங்கை முதுகில் கட்டிக்கொண்டு கூலிக்கு வயலில் அடிப்பவரிடம் யாரும் எந்தச் சான்றிதழும் கேட்பதில்லை. ஆபத்து இவருக்குத்தான் அதிகம். மூடி கசிந்தால் மருந்து முதுகுத்தண்டு வழியே இடுப்புவரை இறங்கும். மருந்து பீய்ச்சும் முனையான நாசில் அடைத்துக்கொண்டால் வாயால் ஊதுகிறவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன். பார்க்கும்போதே வயிறு கலங்கும். 2017இல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த பலர் இறந்தார்களே, அவர்களெல்லாம் நிலத்தில் நின்று அடித்தவர்கள்தாம்.

டிரோனில் ஆள் தள்ளி நிற்கிறார், சரி. ஆனால் மருந்தைக் கலக்குவதும் டேங்கில் ஊற்றுவதும் கையால்தான். அங்கே கையுறை கட்டாயம் வேண்டும். அப்புறம் காற்று. பக்கத்தில் மல்பெரித் தோட்டம் இருந்தால், காற்றில் பறந்துபோய் இலையில் படியும் துளியே, அதைத் தின்னும் பட்டுப்புழுவைக் கொன்றுவிடும்.

ஊரில் வாடகைக்கு அடிக்க நினைக்கும் இளைஞர்கள் டிரோன் பயிற்சிக்குப் போகலாம். அரை ஏக்கர்க்காரருக்குக் கைத்தெளிப்பானே போதும். ஆனால் டப்பாவில் சிவப்பு முக்கோணம் என்றால் கொடிய நஞ்சு, காற்றுக்கு எதிரே நின்று அடிக்கக் கூடாது என்பதையாவது வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுக்கொண்டு டேங்கைத் தூக்குங்கள்.