சின்ன அறையில் காதைக் களைப்பாக்காத ஸ்பீக்கர்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஷோரூமில் பத்து நிமிடம் கேட்டதும் வாயைப் பிளக்க வைக்கிற ஸ்பீக்கர்தான் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மணி நேரத்தில் தலைவலி கொடுக்கும். என் பழைய ஜோடி அந்த ரகம். டிரம்ஸின் சிம்பல் தட்டு ஒவ்வொன்றும் தனியாகத் தெறிக்கும், வந்தவர்கள் எல்லோரும் "என்ன தெளிவு!" என்பார்கள். ஆனால் இரண்டாவது ஆல்பம் தொடங்குவதற்குள் கை தானாக வால்யூமைக் குறைத்திருக்கும்.

இப்போது இருப்பது தாழ்ந்த ஒலிக்கு ஐந்து அங்குல பாலிப்ரொப்பிலீன் வூஃபர், உயர்ந்த ஒலிக்குப் பட்டுத்துணி ட்வீட்டர், துளை இல்லாத மூடிய பெட்டி. மாடல் பெயரை வேண்டுமென்றே விடுகிறேன். சொன்னால் பேச்சு முழுக்க அதைச் சுற்றியே போய்விடும். எழுபதுகளில் பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்காக உருவாக்கிய எல்எஸ்3/5ஏ என்ற சின்னப் பெட்டியின் வழியில் வந்தது என்று சொன்னால் போதும்.

காது களைப்படைவதற்கு ட்ரெபிள், அதாவது உச்ச ஒலி, அதிகம் என்பதே காரணம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். என் அனுபவத்தில் தொல்லை அதற்குக் கீழே, 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில்தான். காதுக்குழாயே 3 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலியைப் பெருக்கிக் கொடுப்பதால் நம் செவி மிகக் கூர்மையாக இருப்பது அங்கேதான். போதாக்குறைக்கு, பெரும்பாலான சிறு ஸ்பீக்கர்களில் வூஃபர் வேலையை ட்வீட்டரிடம் ஒப்படைக்கும் கிராஸ்ஓவர் புள்ளியும் அதே வட்டாரத்தில் விழுகிறது. அந்த இடத்தில் வூஃபரின் ஒலி குறுகி நேராக மட்டும் போகும். உடனே பொறுப்பேற்கும் ட்வீட்டரோ பக்கவாட்டிலும் தாராளமாக இறைக்கும். நேர் முன்னால் மைக் வைத்து அளந்தால் வரைபடத்தில் கோடு சமமாக இருக்கும். ஆனால் சின்ன அறையில் பக்கச் சுவர் கை நீட்டும் தூரத்தில் இருக்கிறதே! அங்கே பட்டுத் திரும்பி வருகிற ஒலியில் அந்த 3, 4 கிலோஹெர்ட்ஸ் தூக்கலாக இருந்தால் காது அரிக்கத்தான் செய்யும். அதனால் வாங்குவதற்கு முன் ஸ்பீக்கரைச் சுற்றிப் பல கோணங்களில் எடுக்கும் ஸ்பினோராமா வகை அளவீடு கிடைத்தால் பக்கவாட்டுக் கோடுகளைப் பாருங்கள். அவை மேடு பள்ளமில்லாமல் மெதுவாகச் சரிந்தால் பாதி கவலை தீர்ந்தது.

துணி ட்வீட்டர் இதம், உலோகம் கூர்மை என்கிற பேச்சை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நல்ல உலோக ட்வீட்டரின் ஒத்ததிர்வு பெரும்பாலும் 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேதான் வரும், அது நம் காதுக்கு எட்டாது. கிராஸ்ஓவரை யார் எப்படிச் செய்தார்கள் என்பதே முக்கியம்.

கேட்டுப் பார்க்கும்போது இரண்டு ஜோடியையும் ஒரே சத்த அளவில் வையுங்கள், ஃபோனில் உள்ள டெசிபல் செயலியே போதும். ஒரு டெசிபல் கூடுதலாக இருந்தாலும் அதுதான் "நல்லது" என்று மனசு சொல்லும். அப்புறம், சத்தத்தை நன்றாகக் குறைத்துவிட்டு ஒரு பெண் குரலைக் கேளுங்கள். சொற்கள் புரிகின்றனவா, குரலுக்கு உடம்பு இருக்கிறதா? குறைந்த சத்தத்தில் காது பாஸை, அதாவது தாழ்ந்த ஒலியை, இன்னும் குறைவாகத்தான் வாங்கும். மெலிந்து ஒலிக்கும் ஸ்பீக்கரில் அதை ஈடுகட்ட வால்யூமை ஏற்றிக்கொண்டே போவோம், களைப்பு அதிலேயே தொடங்கிவிடும்.

வீட்டில் அதிகம் மெனக்கெட்டது திருப்பி வைக்கும் கோணத்துக்குத்தான். முதலில் இரண்டும் நேராக என் முகத்தைப் பார்த்தன. பாடகியின் "ஸ"கரம் ஊசி மாதிரி குத்தியது. கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்பக்கம் திருப்பினேன். இரண்டின் நேர்கோடுகளும் என் தலைக்குப் பின்னால் சந்திக்கிற நிலையில் அந்தக் குத்தல் அடங்கியது, குரலும் நடுவிலேயே நின்றது. இன்னும் ஒரு விரற்கடை திருப்பினால் குரல் கலைந்து இரண்டு பக்கமும் வழிந்தது. அந்த இடத்திலேயே ஸ்டாண்டின் காலைச் சுற்றித் தரையில் டேப் ஒட்டிவிட்டேன். ட்வீட்டர் காது உயரத்தில் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

பாஸ் விஷயத்தில் அறைதான் முதலாளி. என் அறை பத்துக்குப் பதினோரு அடி. கணக்குப் போட்டால் 56, 51 ஹெர்ட்ஸில் ஒலி தேங்கும். பழைய ஜோடியின் பின்துளை சுவரை ஒட்டி நின்று அதே இடத்தில் இரைந்தது. துளையில் ஸ்பாஞ்ச் அடைத்ததில் ஓரளவு அடங்கியது. மூடிய பெட்டியில் பாஸ் சீக்கிரமே குறையத் தொடங்கினாலும் மெதுவாகவே சரிவதால், மீதியைச் சுவர் நிரப்பிவிடுகிறது.

குறை இல்லாமல் இல்லை. படத்தில் குண்டு வெடித்தால் நெஞ்சு அதிராது. சென்சிடிவிட்டி (ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் கிடைக்கும் சத்தம்) 84 டெசிபல்தான், அதாவது ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) கொஞ்சம் உழைக்க வேண்டும். ஆனால் இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்து நான் கேட்கும் அளவுக்குப் பெரும்பாலும் ஒரு வாட்டே போதும். திடீர் முழக்கங்களுக்குத்தான் நல்ல 40 வாட் ஆம்ப். விருந்துக்கு அதிர வைக்க ஆசைப்படுகிறவர்கள் இந்த வகைப் பக்கமே வர வேண்டாம். நூறு மணி நேரம் ஓடினால் ஸ்பீக்கர் "பழகும்" என்பார்கள். பழகுவது பெரும்பாலும் நம் காது.

அடுத்து ஏதாவது வாங்கினால் அது பாஸுக்கென்றே தனியாக வரும் மூடிய பெட்டி சப்வூஃபராகத்தான் இருக்கும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அதனிடம் கொடுத்துவிட்டால் இந்த ஐந்து அங்குல வூஃபரின் பாரமும் குறையும்.